அடுப்படியில் ஓடிய எல்லைக்கோடு

அளவு நாடாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாத ஒரு சிரிப்போடு சந்திலிருந்து வெளியே வந்தவளைப் போன வாரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் முகத்தை விட்டு இறங்கவில்லை. பல் துலக்கும்போதும் இருந்தது. இன்றைக்கும் குழாயில் தண்ணீர் வராது என்று வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியில் நின்று கத்தியபோதும் இருந்தது. தண்ணீர் வராத நாளில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரத்தான் செய்யும்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இவளைப் பிளான் அக்கா என்பார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு, நகராட்சியில் கொடுக்க வரைபடம் போட்டுத் தருவது தொழில். இவள் போட்ட ஜன்னல் வழியாக இந்த ஊரில் எத்தனையோ பேர் வானம் பார்க்கிறார்கள். இவளுக்கு மட்டும் சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை.

ஒரு காலத்தில் சொந்தமாக வீடு இருந்தது. அப்பா போகும்போது முன்பக்க வீட்டை அண்ணனுக்கும், பின்னால் சந்துப் பக்கம் பார்த்த நீளத் துண்டு நிலத்தை இவளுக்கும் இவள் மகளுக்குமாக எழுதி வைத்தார். அதில் இவளும் கணவருமாக இரண்டு அறை கட்டிக்கொண்டார்கள். அந்தப் பேட்டையில் ஒரு விதி உண்டு: ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். நகராட்சிக் கணக்கில் இரண்டு துண்டும் சேர்ந்து ஒரே மனை. அந்த விதியைக் காட்டி நகராட்சிக்குப் போன் போட்டவர் வேறு யாருமல்ல, கூடப் பிறந்த அண்ணன்தான். அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ரூல்தடி.

இடிக்கிற இயந்திரம் வந்தது. கொடியில் காய்ந்த துண்டைக்கூட எடுக்க விடவில்லை. கணவர் அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. அடுத்த மழைக்காலம் வரை அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. பிளான் அக்கா அழுது முடித்து எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் கறுவிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது காலம் மாறுகிறது. ஊரில் வேலைக்கு ஆள் இருக்கிறது, ஆளுக்கு வீடு இல்லை. அதனால் நகராட்சி விதியை மாற்றப் போகிறது. சின்ன மனையிலும் கட்டலாம், மூன்று மாடி வரை போகலாம், ஒரே கூரையின் கீழ் எத்தனை குடும்பமும் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, மனை பதினைந்தடி அகலமாவது இருக்க வேண்டும். அதைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் இன்றைக்கு.

"அம்மா, இதுல ஜன்னல் எங்க?"

மகள் கண்டக்டர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே மேஜை மேல் விரித்திருந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"எதுல?"

"எங்க ரூம்ல. எனக்கும் அவருக்கும்னு நீ போட்டிருக்கிற ரூம்ல."

"அந்தப் பக்கம் உன் மாமா வீடு. மூணு மாடிக்கும் மொட்டைச் சுவர்தான். அவங்க வீட்டு அடுப்படியில பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுத்தான் சமைக்கணும்."

"அப்ப எங்க ரூம்லயும் பட்டப்பகல்ல லைட்டுப் போடணுமே?"

"போட்டுக்கோ."

"ஜன்னல் இல்லாம ரூம் போடச் சொன்னாருன்னு அந்த மர டிப்போக்காரரைப் போன வாரம் என்ன கிழி கிழிச்சே! மனுசன் வாழற இடமா, எலிப்பொறியான்னு கேட்டியே?"

பிளான் அக்கா வரைபடத்தைச் சுருட்டினாள். தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவள் ஜன்னல் இல்லாத அறை போட்டதில்லை. முதல் முதலாகப் போட்டது தன் வீட்டுக்குத்தான்.

மகளின் கதை தனிக்கதை. கல்யாணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளைக்கு ரொட்டி அடுப்பில் வேலை, படுக்கை தொழிலாளர் விடுதியில். ஊரில் வாடகைக்கு ஒரு அறை தேடித் தேடி இரண்டு பேருக்கும் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்ததும் பெண்டாட்டியின் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கடைசி ஸ்டாப் வரை போய், மறுபடி டிக்கெட் வாங்கித் திரும்பி வருவான். நடுவில் கூட்டம் குறைகிற நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். இதுதான் அவர்கள் குடித்தனம். டிரைவருக்கு இந்த ஜோடி மேல் ஒரு பரிவு. சிக்னலில் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துவார்.

"எனக்கு யார் அடுப்படியும் இருட்டாக வேணாம்மா. கதவைச் சாத்திக்கிட்டு அவரோட ஒரு சண்டை போடணும். பஸ்ல சண்டை போட்டா எல்லாரும் பாக்கறாங்க."

"போடுவே. மூணாவது மாடியில நின்னு போடுவே. முதல்ல கூட்டத்துக்கு வா."

நகராட்சிக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, காற்றுதான் வரவில்லை. முன்வரிசை முழுக்க, அண்ணன் தலைவராக இருக்கும் பேட்டைச் சங்கத்துக்காரர்கள். 'எங்கள் தெரு எங்கள் மூச்சு' என்று ஆளுக்கொரு அட்டை வைத்திருந்தார்கள். அண்ணன் நடுவில், தேய்த்த சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாக. பக்கத்தில் அண்ணி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. நாத்தனாரைப் பார்த்ததும் தலையை ஆட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி ஆட்டினாள்.

மேடையில் திட்ட அதிகாரி. இளம் வயசுப் பெண், குரல் மட்டும் கறார். ஒரு அம்மாள் எழுந்து, இருக்கிற சாக்கடையே நிரம்பி வழிகிறது, இன்னும் நாலு குடும்பம் வந்தால் எங்கே போகும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பெரிய குழாய் போட்ட பிறகுதான் மாடிக்கு அனுமதி என்று அதிகாரி சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியர், "நான் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஊர்ல நான் குடியிருக்க முடியல. தினமும் ரெண்டு ரயில் மாறி வர்றேன்" என்றார். பின்வரிசை கை தட்டியது. முன்வரிசை திரும்பி முறைத்தது.

அண்ணன் எழுந்தார்.

"விதின்னா விதி" என்று ஆரம்பித்தார். எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "எங்க பேட்டையில ஒருத்தர் ஒரு செங்கல் தப்பா வெச்சதில்ல. வெச்சவங்களை நாங்க விட்டதும் இல்ல. சொந்தம் பந்தம்னுகூடப் பாத்ததில்ல."

முன்வரிசை திரும்பிப் பிளான் அக்காவைப் பார்த்தது. மகளின் முகம் சிவந்துவிட்டது. பிளான் அக்காவின் சிரிப்பு மட்டும் அசையவில்லை.

"இப்ப விதியைத் தளர்த்துறீங்க. சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன். முதல்ல ஒவ்வொரு மனையையும் அளங்க. எல்லையைத் தாண்டி ஒரு செங்கல் இருந்தாலும் இடிங்க. அப்புறம் புது விதியைப் பத்திப் பேசலாம். பன்னிரண்டடி மனையை வெச்சுக்கிட்டு மூணு மாடிக்குக் கனாக் காணறவங்களுக்கும் அப்பத் தெளியும்."

அதுதான் அவர் வைத்திருந்த ஆயுதம். தங்கையின் மனை பன்னிரண்டடிதான் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அடுப்படியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியபோது அவரே கண்ணளவில் கணக்குப் போட்டிருக்கிறார். அளந்தால் தங்கை கதை முடிந்தது.

பிளான் அக்கா எழுந்தாள். ஒன்பது வருஷமாக இந்தக் கூடத்தில், இந்த ஆளுக்கு எதிரே நின்று என்னவெல்லாம் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றையும் பேசவில்லை.

"அண்ணன் சொல்றது நியாயம்" என்றாள்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனே ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"ஒரே ஒரு சந்தேகம். ஒரு செங்கல்னாலும் இடிக்கணுமாண்ணே? தெரியாம வெச்சிருந்தா?"

"தெரிஞ்சு வெச்சாலும் தெரியாம வெச்சாலும் செங்கல் செங்கல்தான்."

"பணக்காரங்க, ஏழை, சங்கத்துத் தலைவர், யாரானாலும்?"

"யாரானாலும்!"

"மேடம், அண்ணன் சொன்னதைத் தயவுசெஞ்சு குறிச்சுக்குங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி குறித்துக்கொண்டார். கூடத்தில் எல்லோருக்கும் இது பிடித்துப் போனது. கட்டக் கூடாது என்றவர்களும் அளக்கச் சொன்னார்கள், கட்ட வேண்டும் என்றவர்களும் அளக்கச் சொன்னார்கள். நகராட்சியில் இரண்டு கட்சியும் ஒரே விஷயத்துக்குக் கை தூக்குவது அபூர்வம். அதிகாரி அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை.

"இன்னிக்கு மதியமே ஒரு மனையை அளந்து பாத்துடலாம். சர்வேயர் இங்கயே இருக்கார். யார் மனையில ஆரம்பிக்கலாம்?"

அண்ணன் மார்பை நிமிர்த்தினார். "என் மனையிலயே ஆரம்பிங்க!"

வெளியே வந்ததும் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நீ என்னவோ பண்றே. நம்ம மனை பன்னிரண்டடின்னா நமக்கு வீடே கிடையாதே?"

"பதினைஞ்சடி."

"அப்ப மீதி மூணடி எங்க?"

"உங்க மாமி அதுலதான் சமைக்கிறா."

இதுதான் போன வாரம் அளவு நாடா அவளுக்குச் சொன்ன சேதி. இதில் ஒரு கூத்து இருக்கிறது. அன்றைக்கு இடிக்கிற இயந்திரக்காரன் சாப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை. அதனால் இவள் வீட்டின் ஒரு பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்றுவிட்டது. அடுப்படியை நீட்டும்போது அண்ணன் அந்த மொட்டைச் சுவரைத்தான் எல்லை என்று எடுத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் நாடாவை நீட்டுகிற மனுஷன் அன்றைக்கு மட்டும் நீட்டவில்லை. தங்கையின் பேராசை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் எல்லை வரைக்கும் ஒரு விரற்கடைகூட விடாமல்தான் கட்டியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

அவள் விட்டிருந்தாள். மூன்றடி விட்டிருந்தாள்.

மதியம் சர்வேயர் சந்து முனையில் மண்ணைக் கிளறினார். புதைந்து கிடந்த எல்லைக்கல் தலையைக் காட்டியது. மனையின் மறுகோடியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிறு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், அண்ணன் வீட்டு அடுப்படிச் சுவரில் முட்டி நின்றது.

"உள்ள போகணும்ங்க" என்றார் சர்வேயர்.

"எதுக்கு?" அண்ணனுக்குக் குரல் இன்னும் கம்பீரமாகத்தான் இருந்தது.

"கோடு உள்ள போகுது."

அடுப்படியில் அண்ணி, வந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். சர்வேயர் ஜன்னல் வழியாக அளவு வாங்கி, தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுப்பும், பாத்திரம் கழுவுகிற தொட்டியும், மேடையும். இந்தப் பக்கம் அண்ணி. சரியாகச் சொன்னால், அண்ணியின் ஒரு கால் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். அவள் குனிந்து பார்த்து, அந்தப் பக்கத்துக் காலை மெல்ல எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். தண்ணீர் கொதித்தது. அணைக்கப் போவதற்குக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கூட வந்திருந்த சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினார்கள். தங்கள் வீட்டுச் சுவர்களின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அந்தப் பழைய சுவர்தானே எல்லை?" அண்ணன் வெளியே கை காட்டினார்.

"அது எங்க வீட்டுச் சுவர்ண்ணே. எல்லையிலேருந்து மூணடி தள்ளிக் கட்டினோம். உங்க பக்கம் காத்து போகட்டும்னு இவ அப்பாதான் சொன்னாரு. நமக்கு ரூம் கொஞ்சம் சின்னதானாலும் பரவாயில்ல, அண்ணன் வீட்டுக் காத்தை அடைக்கக் கூடாதுன்னாரு."

"நீ விட்டிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அளந்திருக்கலாமே."

ஒன்பது வருஷப் பசிக்கு அந்த ஒரு வார்த்தை அவளுக்கு விருந்தாக இருந்தது. அண்ணன் முகத்தில் ரத்தம் இறங்கிப் போவதை அவள் நின்று நிதானமாக, கண் கொட்டாமல் பார்த்தாள். கணவர் கூட இருந்து பார்க்கவில்லையே என்ற ஒரு குறைதான்.

திட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார். "ரெண்டு வழி இருக்கு. நிலத்துக்காரங்க எழுதிக் கொடுத்தா இதை இடிக்கச் சொல்லி உத்தரவு போடலாம். இவங்க கோர்ட்டுக்குப் போவாங்க, எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது. இல்ல, இது ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர்னு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க. அடுப்படி இருந்தபடி இருக்கட்டும். அதுக்கு மேல இவங்க மாடி எடுத்துக்கலாம். மனையைப் பதினைஞ்சடின்னே கணக்கு வெச்சுக்கலாம். அடுத்த மாசம் மன்றத்துல விதி மாறின உடனே நீங்க அஸ்திவாரம் போடலாம்."

அண்ணன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியை அவசரமாகக் கழற்றினார். "நான் போடறேன் கையெழுத்து."

விதின்னா விதி என்று வாழ்ந்த மனுஷன் அப்படிக் கெஞ்சி அந்தத் தெரு பார்த்ததில்லை.

"நான் போட மாட்டேன்" என்றாள் பிளான் அக்கா. "ஒரு செங்கல்னாலும் இடிக்கணும்னு அவர்தான் சொன்னாரு. மேடம் குறிச்சு வெச்சிருக்காங்க."

"அம்மா!"

"நிலம் யார் பேர்ல?" என்று கேட்டார் அதிகாரி.

"என் பேர்லயும் இருக்கு" என்றாள் மகள். "அம்மாவும் நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்தாத்தானே செல்லும்?"

"ஆமாம். ரெண்டு பேரும் வேணும். யோசிச்சுச் சொல்லுங்க."

சந்தில் அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். மகளுக்கு மாலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவள் பையைத் தோளில் மாட்டியபடியே பேசினாள்.

"கையில கிடைச்ச வீட்டைத் தூக்கிப் போடறியேம்மா."

"கிடைக்கும். அடுப்படி போகட்டும், வீடு கிடைக்கும்."

"எப்ப? எனக்குத் தலை நரைச்ச பிறகா? அவர் விடுதியில படுத்துக்கிட்டு, நான் சைக்கிள் கடை மேல படுத்துக்கிட்டு, எங்க குழந்தையை எங்க படுக்க வைக்கிறது, பஸ் டிப்போலயா?"

"உங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு உனக்கு மறந்து போச்சா?"

"மறக்கல. ஆனா அவர்தான் மூணடி விட்டாரு. நீ இல்ல."

கையை ஓங்கவில்லையே தவிர, பிளான் அக்காவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போலத்தான் இருந்தது. பதிலுக்குச் சுடச்சுட எதையாவது சொல்லத் தேடினாள். வாயில் வந்தது இதுதான்.

"நான் பெத்த பொண்ணாப் பேசு. இல்லேன்னா பேசாதே."

மகள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

பிளான் அக்கா அறைக்குத் திரும்பினாள். வரைபடத்தை விரித்தாள், சுருட்டினாள். ஜெயித்த வீட்டில் டீயாவது போட்டுக் குடிக்கலாம் என்றால் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது இறங்கிப் போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. இன்னொரு தடவை அந்தச் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தால் தூக்கம் வரும் என்று தோன்றியது.

பின்சந்தில், தன் வீட்டு மொட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். அண்ணன் வீட்டு அடுப்படி இருட்டாகக் கிடந்தது. இன்றைக்கு அண்ணி அதில் சமைக்கவில்லை போல. அது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் மாடி அறையில் வெளிச்சம் வந்தது.

அது அப்பா சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது ஜன்னல் திறந்தது. யாரோ தூசி தட்டினார்கள். வெளிப்படியில் ஒருவன் சுருட்டிய படுக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினான். ரொட்டி மாவு படிந்த கால்சட்டையைப் பார்த்ததுமே பிளான் அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பின்னாலேயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணி. ஜன்னலில் நின்று, "பாத்து, படி உடைஞ்சிருக்கு" என்று சொன்ன குரல் மகளுடையது. ஷிப்டுக்குத்தான் போகிறாள் என்று இவள் நினைத்திருக்க, அவள் இங்கே வந்திருக்கிறாள்.

வேலிப் பக்கம் காலடிச் சத்தம். அண்ணன்.

"அவளாத்தான் வந்தா" என்றார். "வீடு கட்டி முடியற வரைக்கும் மாடி ரூமைக் கொடுப்பீங்களா மாமான்னு கேட்டா. கொடுத்தேன்."

"என்ன பேரம் பேசினே?" கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது.

"இடிக்கச் சொல்லி அவ எழுதிக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். அவ இல்லாம நீ மட்டும் எழுதிக் கொடுத்தாச் செல்லாது." மதியம் கெஞ்சிய குரல் இப்போது கெஞ்சவில்லை. "என் வீட்டு அடுப்படியை எடுக்கணும்னு வந்தே. நான் உன் பொண்ணை எடுத்துக்கிட்டேன்."

"அவ என் பொண்ணு."

"அவளுக்கு வேண்டியது ஒரு ரூம். ஒன்பது வருஷமா நீ அவளுக்குப் போட்டுக் கொடுத்தது ஒரு சுவர்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். ரூல்தடிக்கு எதிலும் ஒழுங்கு.

பிளான் அக்கா சுவரிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று மெதுவாக வந்து தலையில் உட்கார்ந்தது.

அடுத்த மாதம்தான் மன்றத்தில் விதி மாறும். இன்றைக்கு மாறவில்லை. இன்றைக்கு இந்தப் பேட்டையில் பழைய விதிதான். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். மேலே இருக்கிறது கல்யாணமான பெண்ணும் அவள் புருஷனும், தனிக் குடும்பம். அதாவது இந்த நிமிஷம், அண்ணன் தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கையால், எந்த விதியைக் காட்டி அவளைத் தெருவில் நிறுத்தினாரோ அதே விதியை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வரம் இதுதான். அடுப்படியெல்லாம் அப்புறம். அதே விதி, அதே போன், அதே வண்டி அவர் வாசலில் வந்து நிற்க வேண்டும். ரூல்தடி விதியை மீறினார் என்று அவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதற்கு மகள் கையெழுத்து வேண்டாம். புகார் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நகராட்சிப் புகார் எண்ணை அவள் தேட வேண்டியதில்லை. அன்றைக்கு, இடிக்காதீர்கள் என்று கெஞ்சி எத்தனை தடவை கூப்பிட்ட எண்! விரல் தானாகவே அமுக்கியது.

"நகராட்சி. சொல்லுங்க." ஒரு பெண் குரல், வேலை முடிகிற நேரத்து அலுப்போடு.

"ஒரு வீட்ல ரெண்டு குடும்பம் இருக்காங்க" என்றாள் பிளான் அக்கா.

"எந்தப் பேட்டை? விலாசம் சொல்லுங்க."

சொன்னாள். கதவு எண், தெரு, எதிலும் தடுமாற்றம் இல்லை. அவள் பிறந்த வீட்டு விலாசம் அது.

"எங்க இருக்காங்க, மாடியிலயா?"

"மாடியில."

"சரிங்க. இது சுலபம். காலையில முதல் வேலையா ஆள் அனுப்பி வெளியேத்திடுவாங்க. யார் பேர்ல நோட்டீஸ் போடறதுன்னு எழுதணும். ரெண்டாவதாக் குடி வந்தவங்க யாருங்க?"

மேலே ஜன்னலில் மகள் வந்து நின்றாள். கண்டக்டர் சட்டையைத் துவைத்து, ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். அறைக்குள்ளே மாப்பிள்ளை என்னவோ சொன்னான். அவள் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பலமாகச் சண்டை போட ஆரம்பித்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாகச் சிரித்தபடியே கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

"ஹலோ, மேடம்? ரெண்டாவது குடும்பம் யாருங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் பிளான் அக்கா.